டாக்ஃபைட்டில் எந்த விமானம் மேல்? இரத்மலானையில் தொடங்கி ஒரு பதில்

இரண்டாம் உலகப் போர் விமானங்களைக் கணினியில் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டுகளில் நடக்கும் டாக்ஃபைட், அதாவது விமானங்கள் நெருங்கிச் சுழன்று போடும் சண்டை பற்றி, வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐஎல்-2, வார் தண்டர் இரண்டும் விளையாடுகிறேன். ஸ்பிட்ஃபயர்தான் நன்றாகத் திரும்பும் என்கிறார்கள். ஆனால் அதை எடுத்தாலும் 109காரர்கள் என்னை விழுத்திவிடுகிறார்கள். ஜீரோ, ஹரிகேன், ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஃபோக்கவுல்ஃப் 190, மஸ்டாங் இவற்றில் டாக்ஃபைட்டுக்கு எது மேல்? ரடர் பெடல் வாங்கினால் சரிவருமா?"

விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடரைக் காலால் இயக்கும் அந்தப் பெடலின் கதையைக் கடைசியில் சொல்கிறேன். இந்த ஆறையும் முதலாவது, இரண்டாவது என்று அடுக்கித் தரச் சொன்னால் தர மாட்டேன், ஏனென்றால் வேகம் மாறினால் அந்த வரிசை தலைகீழாகிவிடும். மணிக்கு 300 கிலோமீட்டரில் ஜீரோதான் ராஜா, ஃபோக்கவுல்ஃப் பாவம். 600இல் ஜீரோவின் ஸ்டிக்கை (விமானத்தை இயக்கும் கைப்பிடியை) அசைப்பதே பெரும்பாடு, ஃபோக்கவுல்ஃப் கண் சிமிட்டுவதற்குள் பக்கவாட்டில் புரண்டுவிடும். ஆகவே விமானத்தின் பெயரைக் கேட்கும்போது எந்த வேகத்தில், எந்த உயரத்தில் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கொழும்பில் இருக்கும் நமக்கு இதற்கு உதாரணம் தேடி ஆங்கிலக் கால்வாய்க்குப் போகத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய சுமார் 125 விமானங்கள், ஃபுச்சிதா தலைமையில், காலை எட்டு மணிக்குச் சற்று முன் கொழும்பை நெருங்கின. இங்கே இருந்தவை இரண்டு ஹரிகேன் படைப்பிரிவுகள். 30ஆம் ஸ்குவாட்ரன் இரத்மலானையில். 258ஆம் ஸ்குவாட்ரன் கொழும்பு ரேஸ்கோர்ஸில், அதாவது இன்று கடைத்தொகுதியும் ரக்பி மைதானமுமாக இருக்கும் அதே இடத்தில், குதிரை ஓடிய திடலில் போட்ட ஓடுபாதையில். முந்தைய நாளே பர்ச்சல் என்ற கனேடியர் ஓட்டிய கட்டலினா என்ற ரோந்து விமானம் ஜப்பானியக் கப்பல்களைப் பார்த்துச் செய்தி அனுப்பிவிட்டது. அப்படியிருந்தும் காலையில் விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை இரத்மலானைக்கு எச்சரிக்கை வரவில்லை. ஹரிகேன்கள் ஓடுபாதையிலிருந்து எழும்பும்போதே மேலே ஜீரோக்கள் நின்றன.

கடதாசியில் பார்த்தால் இந்த இரண்டு விமானங்களும் அவ்வளவு ஏற்றத்தாழ்வு உள்ளவை அல்ல. ஹரிகேன் மார்க் 2பி-யின் உச்ச வேகம் சுமார் 545 கிமீ, ஜீரோ ஏ6எம்2-வின் உச்ச வேகம் சுமார் 533 கிமீ. ஹரிகேனில் 12 மெஷின்கன். ஜீரோவில் இரண்டு 20 மிமீ பீரங்கியும் இரண்டு 7.7 மிமீ மெஷின்கன்னும். பீரங்கிக் குண்டு ஒவ்வொன்றுக்கும் 60தான், சில விநாடியில் தீர்ந்துவிடும். ஹரிகேனில் விமானிக்குப் பின்னால் கவசத் தகடு உண்டு. அந்த ஜீரோவில் அதுவும் இல்லை, ஓட்டை விழுந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தாங்கியும் இல்லை. அப்படியிருந்தும் அன்று அடிவாங்கியது ஹரிகேன்தான். 258ஆம் ஸ்குவாட்ரன் புறப்பட்டவற்றில் பாதிக்கு மேல் இழந்தது. ஜப்பானியர் இழந்த சிலவற்றில் பெரும்பாலானவை செங்குத்தாகப் பாய்ந்து குண்டுபோடும் டைவ் பாம்பர்கள்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். பழைய ஐஎல்-2 1946இல் குவிக் மிஷன் என்ற பகுதி இருக்கிறது. அதில் ஹரிகேனும் ஏ6எம்2-வும் உண்டு. மூன்று விதமாக அமையுங்கள்.

முதலாவது: நீங்கள் 500 மீட்டரில், ஜீரோ 2,500இல். இதுதான் அன்றைய இரத்மலானை. என்ன செய்தாலும் சாவுதான். ஏறினால் வேகம் போகும், திரும்பினாலும் வேகம் போகும், கீழே பாயலாம் என்றால் கீழே தரை. இதில் பாடம் படிக்க ஒன்றும் இல்லை, ஒரு தடவை பார்த்தால் போதும்.

இரண்டாவது: இருவரும் 3,000 மீட்டரில், எதிரெதிரே. இதில்தான் எல்லோரும் ஏமாறுவது. முதல் கடப்பில் நேருக்கு நேர், பன்னிரண்டு துப்பாக்கியும் பேசும், நமக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும். கடந்ததும் ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துத் திரும்புவோம். முதல் அரை வட்டத்தில் இருவரும் சமம் போலத் தெரியும். வேகமானியைப் பாருங்கள்: 400இல் இருந்தது 320, பிறகு 270. இரண்டாவது வட்டத்தில் 230இல் ஸ்டிக் நடுங்கத் தொடங்கும். அப்போது கண்ணாடியில் ஜீரோ வந்து உட்கார்ந்திருக்கும். ஐரோப்பாவில் ஹரிகேன் 109-ஐவிட இறுக்கமாகத் திரும்பும். அங்கே பழகிய கை இங்கேயும் திரும்பத்தான் பார்க்கும். ஜீரோவிடம் அந்தப் பழக்கம் உயிரை வாங்கிவிடும்.

மூன்றாவது: நீங்கள் 5,500இல், ஜீரோ 4,000இல். மூக்கைக் கீழே விட்டு 550 கிமீ வேகத்தில் வந்து, 200 மீட்டரில் ஒரே ஒரு குறுகிய சூடு. பட்டதா இல்லையா என்று திரும்பிப் பார்க்க ஆசை வரும், பார்க்காதீர்கள். அதே வேகத்தில் நேராக விலகி, மெல்லிய ஏற்றத்தில் போய்க்கொண்டே இருங்கள். ஜீரோ பின்னால் வரப்பார்க்கும், தூரம் கூடிக்கொண்டே போகும். அப்புறம் மறுபடி மேலே வந்து இன்னொரு தடவை. சலிப்பான வேலைதான். ஆனால் ஜீரோவின் இரண்டு பெரிய குறைகளும் இதில்தான் வெளியே வரும்: வேகம் கூடினால் அதன் எய்லரான்கள் (விமானத்தைப் புரட்டும் இறக்கைத் தகடுகள்) இறுகிவிடும், இரண்டு மூன்று குண்டு பட்டாலே தீப்பிடிக்கும்.

இதெல்லாம் விளையாட்டைச் செய்தவர்கள் கற்பனையில் போட்டது என்று நினைக்க வேண்டாம். 1942 ஜூனில் அலூஷியன் தீவுகளில் அக்குடான் என்ற தீவில் ஒரு ஜீரோ சதுப்பில் இறங்கிக் கவிழ்ந்தது. விமானி இறந்தார், விமானம் பெரிதாகச் சேதமாகவில்லை. அடுத்த மாதம் அமெரிக்கர் அதைக் கண்டெடுத்து, சான் டியேகோவுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து பறக்கவிட்டார்கள். 200 நாட் (மணிக்குச் சுமார் 370 கிமீ) வேகத்துக்கு மேல் எய்லரான் மிகவும் இறுகுகிறது, வலப்பக்கம் புரள்வது இடப்பக்கத்தைவிட மெதுவாக இருக்கிறது, மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் என்ஜின் நின்றுவிடுகிறது என்று அந்தச் சோதனையில் எழுதினார்கள். சிமுலேட்டரில் ஜீரோ துரத்தும்போது வேகமாகக் கீழே பாய்ந்து வலப்பக்கம் புரளச் சொல்வது இதனால்தான்.

என்ஜின் நின்றுவிடும் அந்தக் குறை ஹரிகேனுக்கும் தொடக்கக்கால ஸ்பிட்ஃபயருக்கும் இருந்தது. இரண்டிலும் இருந்த மெர்லின் என்ஜினில் எரிபொருளைக் காற்றோடு கலப்பது மிதவை வைத்த கார்ப்யுரேட்டர். மூக்கைத் தள்ளினால் எரிபொருள் மேலே போய் என்ஜின் இருமும். 109இல் எரிபொருளை நேரே உள்ளே பாய்ச்சும் முறை, அதனால் இருமல் இல்லை. 109காரர் உங்களிடமிருந்து தப்ப நினைத்தால் மூக்கைப் பட்டென்று கீழே தள்ளுவார். நீங்களும் தள்ளினால் உங்கள் என்ஜின் ஒரு நொடி செத்துவிடும், அவர் போய்விடுவார். தலைகீழாகப் புரண்டு இழுத்துக்கொண்டு பின்தொடர்வதுதான் வழி. 1941இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியியலாளர் நடுவில் துளையுள்ள ஒரு சின்ன உலோகத் தட்டைப் பொருத்தி இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தார். ஆகவே எந்த ஆண்டின் ஸ்பிட்ஃபயர் என்பதும் முக்கியம்.

சரி, திரும்புவதற்கு வருவோம். இறக்கையின் ஒரு சதுர மீட்டர் எத்தனை கிலோ தூக்க வேண்டியிருக்கிறது என்பது நல்ல முதல் கணக்கு. ஜீரோவில் சுமார் 107. ஸ்பிட்ஃபயர் மார்க் 9இல் 150. 109 ஜி-6இல் 195. மஸ்டாங்கில் 200ஐ ஒட்டி. ஃபோக்கவுல்ஃப் ஏ-8இல் 240. குறைந்தது நன்றாகத் திரும்பும். இந்த வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்கள்தான் உங்களைப் போலச் சாகிறார்கள், தம்பி. கோபிக்க வேண்டாம். த்ரீவீலர் காலி வீதியில் யூ-டர்ன் போடும் அழகைப் பார்த்துவிட்டு அதுதான் நாட்டின் சிறந்த வாகனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதிவேகப் பாதையில் அதை உள்ளேயே விட மாட்டார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 400 கிமீ வேகத்தில் 4 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கில்) திரும்பும் விமானத்தின் வட்டம் ஏறக்குறைய 325 மீட்டர் ஆரம். முழுச் சுற்றுக்கு 18 விநாடி. 600 கிமீ வேகத்தில் 6 ஜி-யில் திரும்பினால் ஆரம் 480 மீட்டர், சுற்றுக்கு அதே 18 விநாடி. நேரம் சமம், வட்டம் பெரிது. ஆனால் வேகமாகப் போகிறவர் அந்த நேரத்தில் மேலே இழுத்தால், காற்றின் தடையைக் கழிக்காமல் பார்த்தால், 300 கிமீ-க்கு இறங்குவதற்குள் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஏறிவிடலாம். 400இல் சுற்றிக்கொண்டிருப்பவர் அந்த உயரத்துக்கு அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். உங்களை 109காரர் கொல்வது இப்படித்தான். மேலிருந்து வருவார். நீங்கள் அழகாகத் திரும்புவீர்கள், அவர் குறி தவறும். அவர் திரும்பவே மாட்டார், நேராக மேலே போவார். தப்பிவிட்டோம், இனி நம் முறை என்று நீங்கள் மூக்கைத் தூக்கித் துரத்துவீர்கள். 200 கிமீ-யில் புரொபெல்லரில் தொங்கிக்கொண்டு நிற்பீர்கள். அவர் மேலே சாவகாசமாகப் புரண்டு கீழே வருவார். அந்த நேரத்தில் நீங்கள் திரும்பவே முடியாது. ஏனென்றால் நேராகப் பறக்கையில் 150இல் ஸ்டால் ஆகும் (இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும்) விமானம், 4 ஜி-யில் இழுத்தால் 300இலேயே ஸ்டால் ஆகிவிடும்.

இதற்கு மருந்து எளிது, பொறுமை மட்டும் வேண்டும். அவர் இறங்கி வரும்போது உடனே திரும்பாதீர்கள். 400 கிமீ-க்கு மேலே வேகத்தை வைத்துக்கொண்டு, அவர் 700, 800 மீட்டருக்குள் வந்த பிறகு இறுக்கித் திரும்புங்கள். அவர் கடந்து மேலே போனதும் துரத்தாமல் மூக்கை நேராக்கி வேகத்தை மீட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் அவருக்குப் பொறுமை போய்விடும், உங்களோடு ஒரு வட்டம் திரும்பப் பார்ப்பார். அந்த ஒரு வட்டத்துக்குத்தான் ஸ்பிட்ஃபயர் செய்யப்பட்டது.

109-ஐ ஓட்டினால் இதையே மறுபக்கமிருந்து செய்யுங்கள். அதன் ஏற்றம் அருமை. இறக்கையின் முன் விளிம்பில் தானாகத் திறக்கும் ஸ்லாட்டுகள் இருப்பதால் மெதுவான வேகத்திலும் நினைப்பதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் 600ஐத் தாண்டிக் கீழே பாய்ந்தால் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் இறுகிவிடும், தரை நெருங்க நெருங்க ஸ்டிக்கை இழுத்துக்கொண்டு முழிக்க வேண்டும். ஸ்டிக்கைத் தொடாமலே மூக்கின் நிலையைச் சரிசெய்யும் ட்ரிம்மைச் சற்று வால்பாரமாக வைத்துக்கொண்டு பாய்வது நல்லது. காக்பிட் சட்டங்கள் தடிப்பானவை, பின்பக்கம் சரியாகத் தெரியாது.

ஃபோக்கவுல்ஃப் 190 எனக்குப் பிடித்த விமானம், அதனால் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும். 1941இல் அது பிரான்சுக்கு மேலே வந்தபோது ஸ்பிட்ஃபயர் மார்க் 5 திணறியது. 1942 ஜூனில் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி திசை தவறி வேல்ஸில் உள்ள பெம்ப்ரி தளத்தில் தானே கொண்டுவந்து இறக்கினார். பிரிட்டிஷ்காரர் அதைச் சோதித்தபோது திரும்பும் வட்டம் தவிர ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது மார்க் 5-ஐவிட மேல் என்று தெரிந்தது. அதன் புரளும் வேகம்தான் ஆயுதம். உங்களைத் துரத்துபவர் இடப்பக்கம் சரிந்து திரும்பத் தொடங்கியதும் நீங்கள் வலப்பக்கம் புரண்டுவிடலாம், அவர் சரிந்து வருவதற்குள் நீங்கள் மறுபடி இடப்பக்கம். இப்படி இரண்டு தடவை செய்தால் அவர் உங்களுக்கு முன்னால் வந்துவிடுவார். தொடர்ந்து வட்டமிட மட்டும் போகாதீர்கள். ஸ்டிக்கைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு இறக்கை விழுந்து விமானம் மல்லாந்துவிடும்.

மஸ்டாங்கைப் பற்றி வரும் முறைப்பாடுகளில் பாதிக்குக் காரணம் எரிபொருள். பி-51டி-யில் இறக்கைகளில் இரண்டு தாங்கி, விமானிக்குப் பின்னால் ஒன்று. அந்தப் பின் தாங்கியில் சுமார் 320 லீட்டர். அது நிரம்பியிருந்தால் எடை வால்பக்கம் போய்விடும், இறுக்கித் திரும்பும்போது மூக்கு தானாக உள்ளே சுருளும், ஸ்பின் ஆகும், அதாவது சுழன்றபடி விழும். பெர்லின் வரை போய்வந்தவர்கள் சண்டைக்கு முன்பே அந்தத் தாங்கியைப் பெருமளவு காலிசெய்துவிடுவார்கள். சிமுலேட்டரில் நாம் நூறு வீதம் நிரப்பிக்கொண்டு பத்து நிமிடச் சண்டைக்குப் போகிறோம். 40 வீதத்தில் போய்ப் பாருங்கள், வேறு விமானம் மாதிரி இருக்கும். பிறகும் அது ஸ்பிட்ஃபயர் ஆகிவிடாது. 7,500 மீட்டரில் 700 கிமீ ஓடுவதுதான் அதன் பலம். சின்ன வரைபடத்தில் 1,000 மீட்டரில் நடக்கும் சண்டையில் அந்தப் பலம் வெளியே தெரிய வாய்ப்பே இல்லை.

விளையாட்டுக்கு விளையாட்டு முடிவு மாறுவதற்கும் காரணம் உண்டு. வார் தண்டரின் ஆர்கேட், ரியலிஸ்டிக் முறைகளில் மவுஸால் குறி வைத்தால் போதும், ஸ்டிக்கையும் ரடரையும் கணினியே பார்த்துக்கொள்ளும். ஃபோக்கவுல்ஃபின் அந்தப் பொல்லாத ஸ்டால் அங்கே பாதி மறைந்துவிடும். டிசிஎஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரில் இருக்கும் ஸ்பிட்ஃபயர் மார்க் 9, எதிரே நிற்கும் 109 கே-4. இந்தக் கே-4 1944 ஒக்டோபரில்தான் படைக்கு வந்தது, 700 கிமீ-யைத் தாண்டும். அதனிடம் அடிவாங்கிவிட்டு ஸ்பிட்ஃபயர் மட்டம் என்று எழுதுகிறவர்கள் அண்ணனோடு தம்பியை மோதவிட்டுப் பார்க்கிறார்கள். ஒரே ஆண்டு விமானங்களை ஒப்பிடுங்கள்.

சிமுலேட்டரில் உடம்புக்கு ஜி-விசை இல்லை. திரையின் ஓரம் கறுப்பாவதுதான் அறிகுறி, கழுத்து வலிப்பதில்லை, பயம் இல்லை. அதனால் நிஜத்தில் யாரும் செய்யத் துணியாத, மாறி மாறிக் குறுக்கே வெட்டித் திரும்பும் கத்தரி வித்தைகளை நாம் தரைக்கு 50 மீட்டர் மேலே செய்கிறோம். மறுபக்கம், நிஜ விமானி தலையைத் திருப்பினால் தெரிவது நமக்குத் தெரிவதில்லை. சுடப்பட்டவர்களில் பெரும்பாலோர் சுட்டவரைப் பார்க்கவே இல்லை என்று இரண்டாம் உலகப் போர் விமானிகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்லைனிலும் அப்படித்தான். கொழும்பிலிருந்து ஐரோப்பிய சர்வரில் விளையாடும் நமக்கு இன்னொரு வினை, நெருங்கிய சண்டையில் எதிரி விமானம் திடீரென்று துள்ளி இடம் மாறும். பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், கூடினால் வட்டமிடும் சண்டை நமக்குத்தான் நட்டம். பாய்ந்து சுட்டுவிட்டு விலகும் முறை அந்த வகையிலும் நமக்கு ஏற்றது.

ஜெட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி மட்டும். எஃப்-16 வேகத்தைக் காத்துக்கொண்டு சீராகச் சுற்றும், எஃப்/ஏ-18 மெதுவான வேகத்தில் மூக்கை எங்கே வேண்டுமானாலும் திருப்பும். பெயர்கள் மாறினாலும் மேலே சொன்ன கணக்கு அதேதான். மிராஜ் வழிவந்த முக்கோண இறக்கை விமானங்கள் முதல் திருப்பத்தில் மிரட்டும், அதிலேயே வேகத்தைக் கொட்டிவிடும். உள்நாட்டுப் போரில் இலங்கை விமானப்படை குண்டுபோடப் பயன்படுத்திய கிபிரும் அந்த வகைதான். அதை வைத்து விளையாடச் சிலர் கேட்பதுண்டு. வடக்கில் வளர்ந்த எங்களில் பலருக்கு அந்தச் சத்தமும் பெயரும் வேறு விஷயம், நான் அதைத் தொடுவதில்லை.

இனி பெடல். இப்போதைக்கு வேண்டாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் கைப்பிடி முறுக்கும் ஜாய்ஸ்டிக் கிடைக்கும், அந்த முறுக்கே ரடர் வேலையைச் செய்யும். குறி வைக்கும்போது, விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் கருவியில் நடுவிலுள்ள பந்து ஓரம் போகாமல் பார்த்துக்கொள்வதற்கு அது போதும். பந்து ஓரம் போனால் குண்டும் ஓரம்தான் போகும். மிச்சக் காசைத் தலை அசைவைப் பின்தொடரும் கருவிக்குச் செலவழியுங்கள், வெப்கேமை வைத்து இலவச மென்பொருளாலும் ஓரளவு செய்துகொள்ளலாம். பின்னால் பார்க்கப் பட்டன் தேடும் அந்த ஒரு விநாடியில்தான் 109 உங்கள் வாலுக்கு வருகிறது.